ஒரே கம்ப்யூட்டர், இரண்டு கோளாறு: ஒரு கல்யாணப் பத்திரிகைக் கடையின் நீலத் திரை

சென்னை பாரிமுனை ஆண்டர்சன் தெருவை ஒட்டிய சந்தில் ஒரு கல்யாணப் பத்திரிகைக் கடை. டிசைன் வேலை முழுவதும் ஒரே கம்ப்யூட்டரில் நடக்கிறது. தை மாதத்துக்கு அப்புறம் அது அவ்வப்போது நீலத் திரை (விண்டோஸ் கிராஷ் ஆனால் வரும் பிழைத் திரை) காட்டி நிற்க ஆரம்பித்தது. வைகாசி முகூர்த்த நேரத்தில் ஒரே நாளில் பல முறை நிற்கும் அளவுக்குப் போய்விட்டது. எனக்கு முன்னால் இரண்டு பேர் வந்து பார்த்திருந்தார்கள். இரண்டு முறை ஃபார்மேட் ஆகியிருந்தது, எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) புதிதாக மாறியிருந்தது, பிரச்சனை மட்டும் அப்படியே இருந்தது.

காரணம் ஒன்றல்ல, இரண்டு. ஒரு ராம் (கம்ப்யூட்டரின் தற்காலிக நினைவகம்) கெட்டிருந்தது. அதோடு சம்பந்தமே இல்லாமல், ஒரு வைஃபை டிரைவரும் (வைஃபை சாதனத்தை விண்டோஸோடு இணைக்கும் நிரல்) தப்பாக நடந்துகொண்டிருந்தது. ஒன்றைச் சரிசெய்தாலும் இன்னொன்று கிராஷ் காட்டும் என்பதால், எதை மாற்றினாலும் "இது காரணம் இல்லை போல" என்றுதான் தோன்றும். அதனால்தான் இந்தக் கேஸை முழுதாக எழுதுகிறேன். சின்னக் கடைகளுக்கு கம்ப்யூட்டர் பார்க்கிறவர்களுக்கு இந்த மாதிரி கேஸ் கண்டிப்பாக ஒரு நாள் வரும்.

நீலத் திரை என்றதும் கை நேராக ஃபார்மேட்டுக்குப் போவது நம் தொழிலில் ஊறிப்போன பழக்கம். நான் அதைக் கடைசி வரை தள்ளிவைப்பேன். ஃபார்மேட் அடித்தால் கிராஷ் பற்றிய பதிவுகள் எல்லாம் அழிந்துபோகும். கோளாறு டிரைவரில் என்றால் அதே டிரைவரை மறுபடி போடுவோம், அதுவும் மறுபடி வரும். கோளாறு ராமில் என்றால் நிலைமை இன்னும் மோசம். புது விண்டோஸையே அந்தக் கெட்ட ராம் வழியாகத்தான் டிஸ்க்கில் எழுதுகிறோம்.

கேட்டதும் பார்த்ததும்

கடையை நடத்துவது ஒரு அக்கா. அவர் சொன்னது இது: "எப்ப நிக்கும்னு சொல்லவே முடியல தம்பி. காலையில நல்லாத்தான் இருக்கும், மத்தியானம் ஆச்சுன்னா ஆரம்பிச்சிடும். ரெண்டு வாட்டி ஃபார்மேட் அடிச்சாச்சு. பேசாம புதுசா ஒண்ணு வாங்கிடட்டுமா?"

டிசைன் செய்யும் பையன் வேறு மாதிரி சொன்னான்: "இல்லண்ணா, பெரிய பிடிஎஃப் அனுப்பும்போதுதான் போகுது. காலையிலகூட போயிருக்கு."

இரண்டு பேர் சொன்னதும் ஒத்துப்போகவில்லை. இப்படி வரும்போது யாரோ ஒருவருக்கு ஞாபகப் பிசகு என்று ஒதுக்கிவிடக் கூடாது. இரண்டையும் அப்படியே எழுதிவைத்தேன். கடைசியில் இரண்டுமே சரி என்று ஆனது.

மாற்றியது என்னென்ன என்று கேட்டேன். முதலில் "ஒண்ணுமே மாத்தல" என்றார்கள். தனித்தனியாகக் கேட்டதும் வந்தது. தை மாதம் கோரல் டிராவின் புது வெர்ஷன் போட்டபோது 8 ஜிபி ராம் போதவில்லை என்று இன்னொரு 8 ஜிபி ராம் வாங்கிச் செருகியிருக்கிறார்கள். பங்குனியில் இன்டர்நெட் ரவுட்டரை மாடிக்கு மாற்றியபோது கேபிள் எட்டவில்லை. அதனால் யுஎஸ்பி வைஃபை டாங்கிள் ஒன்று வாங்கியிருக்கிறார்கள். இவ்வளவையும் "ஒண்ணுமே மாத்தல" என்ற ஒரு வார்த்தைக்குள் அடக்கிவிடுவது மனித இயல்பு. ராம் போட்டது, பிரின்டர் மாற்றியது, பென் டிரைவ், ஹப், வயர் என்று பெயர் சொல்லிக் கேட்டால்தான் பதில் கிடைக்கும்.

இயந்திரம் இன்டெல் பத்தாம் தலைமுறை ஐ5. டிடிஆர்4 ராம், எஸ்எஸ்டி, விண்டோஸ் 10. விண்டோஸ் 11-இல் 2025-இலிருந்து இந்த நீலத் திரை கருப்பாக வருகிறது. நிறம்தான் மாறியிருக்கிறது, படிக்க வேண்டிய விஷயம் அதேதான்.

சூடு, பவர், டிஸ்க் மூன்றையும் சீக்கிரமே பார்த்து முடித்தேன். பிராசஸர் சூடு வேலை நேரத்திலும் அளவுக்குள் இருந்தது. எஸ்எஸ்டி தன் ஆரோக்கியத்தைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் விவரத்தில் குறை எதுவும் இல்லை. யுபிஎஸ் நன்றாக இருந்தது. எர்த் வோல்டேஜும் சரி. விண்டோஸின் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் கர்னல் பவர் 41 என்ற பதிவு வரிசையாகக் கிடந்தது. இதைப் பார்த்துத்தான் முன்னால் வந்தவர் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றியிருக்க வேண்டும். அந்தப் பதிவுக்கு அர்த்தம், "போன முறை முறையாக ஷட் டவுன் ஆகவில்லை" என்பது மட்டுமே. நீலத் திரை வந்து ரீஸ்டார்ட் ஆனாலும் 41 வரும், பவர் போனாலும் 41 வரும், யாராவது பட்டனை அழுத்திப் பிடித்தாலும் 41 வரும். பெயரில் பவர் இருப்பதால் எஸ்எம்பிஎஸ்ஸைக் குற்றவாளி ஆக்குவது தவறு.

அடுத்து மினிடம்ப் ஃபோல்டரைத் திறந்தேன். கிராஷ் ஆன நேரத்து நினைவகத்தின் பதிவுதான் டம்ப், அது இங்கேதான் சேரும். காலி. இத்தனை கிராஷுக்கும் ஒரு டம்ப்கூட இல்லை. யாரோ வேகத்துக்காகச் சி டிரைவில் பேஜ் ஃபைலை (ராம் போதாதபோது விண்டோஸ் டிஸ்க்கில் பயன்படுத்தும் ஃபைல்) நிறுத்திவைத்திருந்தார்கள். விண்டோஸ் கிராஷ் ஆகும்போது நினைவகத்தில் இருப்பதை முதலில் அந்தப் பேஜ் ஃபைலில்தான் கொட்டும். அடுத்த முறை ஆன் ஆகும்போது அதிலிருந்து டம்ப் ஃபைலை உருவாக்கும். பேஜ் ஃபைல் இல்லையென்றால் சாதாரணமாக டம்ப்பும் கிடையாது. பேஜ் ஃபைலை மறுபடி ஆன் செய்தேன். ஸ்மால் மெமரி டம்ப் என்று அமைத்தேன். தானாக ரீஸ்டார்ட் ஆவதை நிறுத்தினேன். டெம்ப் ஃபைல்களைச் சுத்தம் செய்யும் சாஃப்ட்வேர் ஒன்று இருந்தது. அது டம்ப்பையும் சேர்த்து அழித்துவிடும் என்பதால் அதையும் எடுத்தேன்.

அப்புறம் கடைக்காரர்களிடம் ஒரே ஒரு வேலை கேட்டேன். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் மணியையும், அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதையும் ஆர்டர் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுத வேண்டும். இன்னும் சில நாள் கிராஷோடு வேலை செய்யச் சொல்வது முகூர்த்த நேரத்தில் லேசான விஷயம் இல்லை. அக்கா முகத்தில் அது தெரிந்தது. வேலை செய்யும் ஃபைல்களை மணிக்கொரு முறை வேறு பெயரில் சேவ் செய்யச் சொல்லிவிட்டு வந்தேன்.

டம்ப் சொன்னவை

சில நாளில் போதுமான டம்ப் சேர்ந்தது. முதலில் புளூஸ்கிரீன்வியூவில் போட்டு ஒரு பட்டியலாகப் பார்த்தேன். பிறகு ஒவ்வொன்றையும் கிராஷை ஆராயும் மைக்ரோசாஃப்டின் கருவியான விண்டிபக்கில் திறந்து அனலைஸ் கட்டளை கொடுத்தேன்.

பட்டியலைப் பார்த்ததும் அது இரண்டாகப் பிரிந்தது.

முதல் கூட்டத்தில் ஒரு கிராஷ் போல இன்னொன்று இல்லை. நீலத் திரையில் வரும் ஸ்டாப் கோட், அதாவது பிழையின் பெயர், ஒவ்வொன்றிலும் வேறு. ஒன்றில் மெமரி மேனேஜ்மென்ட், ஒன்றில் பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்ட் ஏரியா, ஒன்றில் சிஸ்டம் சர்வீஸ் எக்ஸெப்ஷன், இன்னொன்றில் கர்னல் செக்யூரிட்டி செக் ஃபெயிலியர். காரணம் என்று காட்டிய பெயர்களும் ஒவ்வொன்றிலும் வேறு. ஒரு முறை டிஸ்க்கைப் படிக்கும் என்டிஎஃப்எஸ், ஒரு முறை திரை சம்பந்தப்பட்ட ஃபைல், பல முறை விண்டோஸின் மையப் பகுதியான கர்னலே. நோட்டில் எழுதிய நேரமும் பொருந்தியது. அநேகமாக எல்லாம் மத்தியானத்துக்கு மேல். செய்துகொண்டிருந்த வேலை மட்டும் ஒவ்வொரு முறையும் வேறு. ஒரு முறை கம்ப்யூட்டரை யாரும் தொடவேகூட இல்லை.

இரண்டாவது கூட்டத்தில் எல்லாம் அச்சு அசலாக ஒன்றே. டிரைவர் ஐஆர்கியூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல் என்ற ஒரே ஸ்டாப் கோட், ஒரே டிரைவர் ஃபைல், அந்த ஃபைலுக்குள்ளும் கிட்டத்தட்ட ஒரே இடம். நேரத்துக்குக் கட்டுப்படவில்லை. நோட்டில் அந்த வரிகளுக்கு எதிரில் பையன் எழுதியிருந்தது "பிடிஎஃப் அனுப்பினேன்", "டிரைவில் ஏற்றினேன்".

இந்தக் கேஸில் மற்றவர்களுக்கு உதவும் என்று நான் நினைப்பது இந்தப் பிரிப்புதான். ஒற்றை நீலத் திரையைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது, செய்யவும் கூடாது. பல கிராஷ்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஸ்டாப் கோடும் மாறி, ஃபைல் பெயரும் மாறி, வேலையும் மாறி வந்தால் அடித்தளத்தில் கோளாறு. ராம், ராம் செருகும் ஸ்லாட், பிராசஸர், பவர் என்று அந்தப் பக்கம் தேட வேண்டும். ஒரே கோட், ஒரே ஃபைல், ஒரே வேலை என்று வந்தால் அந்த டிரைவரைப் பிடிக்க வேண்டும்.

ஏன் இப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன். ராமில் ஒரு பிட் (0 அல்லது 1 என்ற ஒற்றை இலக்கம்) மாறிவிட்டால், அந்த இடத்தில் அந்த நேரத்தில் எது இருந்ததோ அது அடிபடும். போட்டோஷாப்பின் ஒரு நிறப்புள்ளி இருந்தால் யாருக்கும் தெரியாது. நினைவகத்தின் ஒரு முகவரி இருந்தால், அதை நம்பி எந்த டிரைவர் போகிறதோ அது இல்லாத இடத்தில் காலை வைத்துக் கிராஷ் ஆகும். திரையில் அதன் பெயர் வரும். டம்ப்பில் வருவது பல நேரம் அடிபட்டவனின் பெயர், அடித்தவனின் பெயர் அல்ல.

ஸ்டாப் கோடை மட்டும் வைத்து ராம், டிரைவர் என்று பிரிப்பதும் சரிவராது. முன்னால் வந்தவர் "பேஜ் ஃபால்ட்னா ராம்தான்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். 2024 ஜூலை 19 அன்று உலகம் முழுவதும் கம்ப்யூட்டர்கள் நின்றபோது திரையில் வந்ததும் இதே பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்ட் ஏரியாதான். மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள். நம் நாட்டு விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். எதிலும் ராம் கெடவில்லை. கிரௌட்ஸ்டிரைக்கின் பாதுகாப்பு சாஃப்ட்வேருக்கு வந்த ஒரு தகவல் ஃபைல் சரியில்லை. அதைப் படித்த டிரைவர் தன் எல்லையைத் தாண்டிய நினைவகத்தைத் தொட்டது, அவ்வளவுதான்.

முதல் கூட்டத்து டம்ப்களில் இரண்டு விஷயம் என்னை ராம் பக்கம் உறுதியாகத் திருப்பின. ஒன்றில் விண்டிபக் "மெமரி கரப்ஷன் ஒன் பிட்" என்று தானே வகைப்படுத்தியிருந்தது. டம்ப்பில் இருக்கும் விண்டோஸ் நிரல் துண்டை மைக்ரோசாஃப்டின் அசல் நிரலோடு அது ஒப்பிட்டுப் பார்க்கும். ஒரே ஒரு பிட் மட்டும் வித்தியாசப்பட்டால் இப்படிச் சொல்லும். தப்பாக எழுதப்பட்ட டிரைவர் நினைவகத்தைக் கெடுத்தால் பெரும்பாலும் பல பைட்டுகள் சேர்ந்து நாசமாகும். தனியாக ஒரு பிட் புரள்வது ஹார்டுவேரின் வேலை.

இன்னொன்று மெமரி மேனேஜ்மென்ட் கிராஷ். அதன் முதல் அளவுரு 41792. நினைவகத்தில் எது எங்கே என்று விண்டோஸ் குறித்துவைக்கும் பேஜ் டேபிளில் ஒரு பதிவு கெட்டிருக்கிறது என்று அதற்குப் பொருள். கெட்ட பதிவின் மதிப்பு மூன்றாவது அளவுருவில் வரும். முழுக்கப் பூஜ்யமாக இருந்திருக்க வேண்டிய அந்த இடத்தில் 0000000000000400 என்று இருந்தது. பதினாறு இலக்கத்தில் ஒரே ஒரு 4. இந்த ஹெக்ஸ் முறையில் ஓர் இலக்கம் நான்கு பிட், 4 என்றால் அதில் ஒரு பிட் மட்டும் 1. அதாவது 64 பிட்டில் ஒரே ஒரு பிட். இந்த 400 என்ற எண்ணை நோட்டில் எழுதிவைத்தேன்.

ராம் சோதனை

விண்டோஸோடு வரும் மெமரி டயக்னாஸ்டிக்கை முன்னால் வந்தவரும் ஓட்டியிருக்கிறார். "நோ எரர்" என்று வந்திருக்கிறது. அதை வைத்து ராம் நன்றாக இருக்கிறது என்று விட்டுவிட்டார்கள். அந்தச் சோதனை குறுகியது, அதுவும் காலையில் கடை திறந்த நேரத்தில் ஓட்டியது. ராம் சோதனையில் பிழை வந்தால் அது பிழைதான், பேச்சுக்கே இடமில்லை. பிழை வரவில்லை என்றால் அந்த நேரத்தில், அந்தச் சூட்டில், அந்தச் சோதனையில் வரவில்லை என்பதோடு சரி.

நான் எடுத்தது மெம்டெஸ்ட்86 பிளஸ். இலவசம், திறந்த மூல நிரல், பென் டிரைவிலிருந்து விண்டோஸ் இல்லாமலே ஓடும். 1990-களில் கிறிஸ் பிராடி எழுதிய மெம்டெஸ்ட்86-இலிருந்து பிரிந்து வந்தது. பல ஆண்டு தேங்கிக் கிடந்த இது 2022-இல் ஆறாவது பதிப்பாகப் புதிதாக எழுதப்பட்டு வந்தது, அதனால் புது மதர்போர்டுகளிலும் ஓடுகிறது. பாஸ்மார்க் நிறுவனத்தின் மெம்டெஸ்ட்86-உம் நல்லதுதான். அதன் இலவசப் பதிப்பு நான்கு சுற்றோடு நிறுத்திக்கொள்ளும்.

இரண்டு ராமையும் வைத்தபடி, கேபினெட்டை மூடி, கடை மூடும் நேரத்தில் சோதனையைப் போட்டுவிட்டு வந்தேன். கேபினெட்டைத் திறந்துவைத்து, ஃபேன் காற்று பட, குளுகுளுவென்று சோதிப்பதில் பயன் இல்லை. எந்த நிலையில் கிராஷ் வருகிறதோ அந்த நிலையில் சோதிக்க வேண்டும். காலையில் போய்ப் பார்த்தபோது பல சுற்று முடிந்திருந்தது. பிழை 0. அக்காவுக்கு ஏமாற்றம். "அப்ப ராம் இல்லியா தம்பி?" என்றார். நிறுத்தாமல் மத்தியானம் வரை ஓடவிடலாம் என்றேன். அந்தக் கடையில் ஏசி இல்லை. சந்து வேறு குறுகல். பக்கத்தில் லேமினேஷன் மெஷின் ஓடும். வைகாசி வெயிலில் மதியம் அந்த மூலை எப்படி இருக்கும் என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மதியத்துக்கு மேல் திரையில் சிவப்பு வரிகள் விழ ஆரம்பித்தன. ஒவ்வொரு வரியிலும் எழுதிய மதிப்பு, படித்த மதிப்பு என்று இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒவ்வொரு வரியிலும் 0000000000000400. நோட்டில் எழுதிவைத்த அதே எண். டம்ப்பும் சோதனையும் வெவ்வேறு வழியில் வந்து ஒரே பிட்டில் சந்தித்தன. கேபினெட்டைத் திறக்காமலே, கெட்டது இன்ன இடம் என்று இவ்வளவு துல்லியமாகத் தெரிவது எப்போதாவதுதான் கிடைக்கும்.

காலையில் இல்லாத பிழை மதியம் ஏன் வருகிறது? ராமில் ஒவ்வொரு பிட்டும் ஒரு நுண்ணிய மின்தேக்கியில் மின்னூட்டமாக இருக்கிறது. ஓட்டைக் குடத்துத் தண்ணீர் போல அது கசிந்துகொண்டே இருக்கும். அதனால் வழக்கமாக 64 மில்லி செகண்டுக்குள் எல்லாவற்றையும் ஒரு முறை படித்து மறுபடி நிரப்புகிறார்கள். சூடு கூடினால் கசிவும் கூடும். நல்ல செல் தாங்கிக்கொள்ளும், பலவீனமான செல் அடுத்த நிரப்புதல் வருவதற்குள் மதிப்பை விட்டுவிடும். பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரை) ராம் வேகத்தை 2666-இலிருந்து 2133-ஆகக் குறைத்தும் ஓட்டிப் பார்த்தேன். அதே பிழை. வேகத்தைக் குறைத்தால் பிழை போய்விடுகிறது என்றால் இரண்டு ராமும் ஒத்துப்போகாத டைமிங் பிரச்சனையாக இருக்கலாம், ராமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பை ஆன் செய்ததால் வந்ததாகவும் இருக்கலாம். அதற்கு ராமைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. இங்கே அப்படி இல்லை.

அடுத்தது எந்த ராம் என்ற கேள்வி. பிழை வந்த முகவரியை வைத்துச் சொல்லிவிட முடியாது. இரண்டு ராம் இரண்டு சேனலில் இருந்தால் முகவரிகளை இரண்டுக்கும் மாற்றி மாற்றிப் பங்கிட்டுத்தான் கன்ட்ரோலர் எழுதும். ஒவ்வொன்றாகத்தான் சோதிக்க வேண்டும். பழைய ராமை மட்டும் ஒரு ஸ்லாட்டில் வைத்து மதிய நேரத்தில் ஓட்டினேன், சுத்தம். அதே ஸ்லாட்டில் புது ராம், பிழை. புது ராமை இன்னொரு ஸ்லாட்டுக்கு மாற்றினேன், பிழையும் கூடவே போனது. பழையதை அந்த ஸ்லாட்டில் வைத்தேன், சுத்தம். ஸ்லாட் நன்றாக இருக்கிறது, தை மாதம் வாங்கிய ராம்தான் கெட்டது என்று இப்போது தைரியமாகச் சொல்லலாம்.

நடுவில் ராமின் கான்டாக்டையும் துடைத்துப் பார்த்தேன். சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் அழிரப்பரை வைத்துத் தேய்ப்பார்கள். பல நேரம் அது வேலையும் செய்கிறது. கடற்கரையை ஒட்டிய இந்த ஊரின் ஈரக்காற்றில் கான்டாக்டில் படலம் படிவது சகஜம்தான். ஆனால் ரப்பர் தங்கப் பூச்சையும் சேர்த்துத் தேய்க்கும், துகளும் ஸ்லாட்டுக்குள் விழும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் பஞ்சு இல்லாத துணியும் போதும். துடைத்த பிறகும் இந்த ராமில் பிழை அப்படியே வந்தது.

புது ராம் கெடுமா என்று கேட்கிறார்கள். கெடும். கூகுளின் சர்வர்களை வைத்து பியான்கா ஷ்ரோடரும் கூகுள்காரர்கள் இருவரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஓர் ஆண்டில் 8 சதவீதத்துக்கு மேற்பட்ட ராம்களில் பிழை தெரிந்தது. அவை பிழை திருத்தும் இசிசி ராம்கள். 64 பிட்டுக்கு எட்டு பிட் கூடுதலாக வைத்து, ஒரு பிட் புரண்டால் தானே திருத்திக்கொள்பவை. நம் கடைகளில் இருக்கும் கம்ப்யூட்டர்களில் அந்த வசதி இல்லை. லினக்ஸ் கர்னலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸுக்கே 2022 அக்டோபரில் இது நடந்தது. இரண்டரை ஆண்டு நன்றாக ஓடிய கம்ப்யூட்டரில் ஒரு ராம் கெட்டுவிட்டது. அவரும் முதலில் புது கர்னல் நிரலில்தான் பிழை என்று நினைத்துத் தேடியிருக்கிறார்.

மிச்சமிருந்த கிராஷ்

கெட்ட ராமை எடுத்துவிட்டு 8 ஜிபியோடு கம்ப்யூட்டரைக் கொடுத்தேன். மத்தியானக் கிராஷ் அன்றோடு நின்றது. சில நாளில் பையன் போன் செய்தான்: "அண்ணா, மறுபடி வந்துடுச்சு. பிடிஎஃப் அனுப்பும்போதுதான்."

டம்ப்பை முதலில் இரண்டாகப் பிரிக்காமல் இருந்திருந்தால், இந்த இடத்தில் ராம் மேல் இருந்த முடிவே ஆட்டம் கண்டிருக்கும். நல்ல ராமைச் சந்தேகப்பட்டு, மதர்போர்டை மாற்றி, இன்னொரு ஃபார்மேட்டும் அடித்திருப்போம். இப்போது வந்த டம்ப்கள் எல்லாம் இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்தவை. முதல் கூட்டத்தில் இருந்து ஒன்றுகூட வரவில்லை. அதனால் பதற்றம் இல்லை.

டம்ப் காட்டிய ஃபைல், வைஃபை டாங்கிளின் டிரைவர். சாதாரண சாஃப்ட்வேர் தப்பான முகவரியைத் தொட்டால் அந்த சாஃப்ட்வேர் மட்டும் மூடும். டிரைவர் கர்னலுக்குள் ஓடுவதால் அதன் தப்பு எல்லாவற்றையும் நிறுத்திவிடும். டேட்டா வேகமாக வரும்போது நெட்வொர்க் டிரைவர் மிக அவசரமான நிலையில் ஓடும். அந்த நிலையில் டிஸ்க்கிலிருந்து எதையும் எடுத்துவரச் சொல்லிக் காத்திருக்க முடியாது. அப்போது ராமில் இல்லாத இடத்தையோ செல்லாத முகவரியையோ தொட்டால் வருவதுதான் இந்த ஸ்டாப் கோட். பெரிய பிடிஎஃப் ஏற்றும்போது மட்டும் வந்ததற்கும் இது பொருந்துகிறது.

டம்ப்பில் பெயர் வந்தது மட்டும் போதாது என்று மேலே சொன்னேன், அது இங்கேயும் பொருந்தும். அதனால் டிரைவர் வெரிஃபையரை ஓட்டினேன். விண்டோஸ் 2000 காலத்திலிருந்து விண்டோஸோடு வரும் கருவி இது. நாம் குறிப்பிடும் டிரைவர்களை அது கடுமையாகக் கண்காணிக்கும். தப்பு செய்தால் பின்னால் எங்கோ வெடிக்க விடாமல், செய்த இடத்திலேயே பிடித்து நிறுத்தும். மைக்ரோசாஃப்ட் டிரைவர்களை விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் தேர்ந்தெடுத்தேன்.

இதை ஓட்டுகிறவர்கள் மூன்று விஷயம் கவனிக்க வேண்டும். ராம் சோதனையை முடித்த பிறகுதான் வெரிஃபையர். கெட்ட ராமோடு ஓட்டினால் நல்ல டிரைவர்கள் மேல் பழி விழும். ஓட்டும் முன் ரீஸ்டோர் பாயின்ட் எடுத்து, சேஃப் மோடுக்குப் போகும் வழியையும் ஒரு முறை போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டும். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இருந்தால் அதன் ரெகவரி கீ கையில் இருக்க வேண்டும். ஆன் ஆகும்போதே கிராஷ் ஆனால் சேஃப் மோடில் போய் வெரிஃபையரை ரீசெட் செய்தால்தான் வெளியே வர முடியும். வேலை முடிந்ததும் மறக்காமல் நிறுத்த வேண்டும். இல்லையென்றால் கம்ப்யூட்டர் மந்தமாகவே ஓடும்.

பெரிய ஃபைல் ஒன்றை ஏற்றச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் டிரைவர் வெரிஃபையர் டிடெக்டட் வயலேஷன் என்று நீலத் திரை வந்தது. கீழே அதே டிரைவர் ஃபைலின் பெயர்.

இரண்டு ஃபார்மேட்டையும் தாண்டி இது எப்படித் தப்பித்தது என்பதற்கும் விடை கிடைத்தது. டாங்கிளோடு வந்த சின்ன சிடி மேசை டிராயரிலேயே இருந்தது. இரண்டு முறையும் அதிலிருந்துதான் டிரைவர் போட்டிருக்கிறார்கள். அந்த டிரைவரின் தேதியைப் பார்த்தால் விண்டோஸ் 10 வருவதற்கும் முந்தையது.

புது டிரைவர் தேடுவதை விட, டிசைன் கம்ப்யூட்டருக்கு மாடியிலிருந்து ஒரு லேன் கேபிள் இழுத்துவிடலாம் என்றேன். நூற்றுக்கணக்கான எம்பி ஃபைல்களைத் தினமும் அனுப்புகிற இடத்தில் கேபிள்தான் சரி. டாங்கிளைக் கழற்றியதோடு விடவில்லை. டிவைஸ் மேனேஜரில் அன்இன்ஸ்டால் செய்யும்போது, டிரைவர் சாஃப்ட்வேரையும் நீக்கு என்ற பெட்டியையும் டிக் செய்தேன். அதைச் செய்யாவிட்டால் டிரைவர் விண்டோஸின் கிடங்கிலேயே இருக்கும், யாராவது அந்த டாங்கிளை மறுபடி செருகினால் அதே டிரைவர் தானாக வந்து உட்காரும். சிடியை அக்காவே உடைத்துப் போட்டார்.

ஃபைல்களின் கதி

கிராஷ் நின்றதும் வேலை முடிந்தது என்று கிளம்பிவிடுகிறோம். கெட்ட ராம் கேஸில் அப்படிக் கிளம்பக் கூடாது. நீலத் திரை வந்தால் தெரிந்துவிடும். நீலத் திரை வராமல் சேவ் ஆன ஃபைல்கள்தான் கவலை.

விண்டோஸ் இரண்டு முறை அந்த ராம் வழியாக இன்ஸ்டால் ஆகியிருந்தது. அதனால் ராமை எடுத்த பிறகு விண்டோஸின் சிஸ்டம் ஃபைல்களைச் சரிபார்க்கும் டிசம், எஸ்எஃப்சி கட்டளைகளை ஓட்டினேன். கெட்ட ஃபைல்கள் சிலவற்றைக் கண்டுபிடித்து மாற்றின. இவற்றைக் கெட்ட ராம் உள்ளே இருக்கும்போது ஓட்டினால் ரிப்பேர் செய்கிறேன் என்று நல்ல ஃபைலையும் கெடுத்துவைக்கும். வரிசை முக்கியம்.

கடையின் ஃபைல்களில், தை மாதத்துக்கு அப்புறம் போட்ட ஜிப் கோப்புகளை முதலில் சோதித்தேன். ஜிப்பில் ஒவ்வொரு ஃபைலுக்கும் சரிபார்ப்பு எண் இருப்பதால் கெட்டது உடனே தெரியும். சில ஜிப்களில் அந்த எண் பொருந்தாமல் சிஆர்சி எரர் வந்தது. மாப்பிள்ளை, பெண் படம் போட்ட ஒரு ஜேபெக்கைத் திறந்தால், மேல்பாதி நன்றாக இருக்கிறது, நடுவில் ஒரு கோட்டுக்குக் கீழே எல்லாம் பச்சை ஏறி, படம் பக்கவாட்டில் நகர்ந்திருக்கிறது. ஜேபெக்கில் ஒரு பிட் புரண்டால் அங்கிருந்து கீழே உள்ளதெல்லாம் தடம் மாறிப்போகும். கண்ணுக்குத் தெரிவதால் இதுகூடப் பரவாயில்லை.

எனக்குப் பயமாக இருந்தது எழுத்தும் எண்ணும்தான். இந்த ராமில் கெட்ட பிட் 400. ஒரு எண் ஃபைலில் சாதாரண எழுத்தாக இருந்து, சரியாக அந்த பைட்டில் அமைந்து, அந்தப் பிட் புரண்டால் 6 என்பது 2 ஆகும், 7 என்பது 3 ஆகும், 5 என்பது 1 ஆகும். ஃபைல் நன்றாகத் திறக்கும். எந்த எச்சரிக்கையும் வராது. முகூர்த்த நேரத்தில் 6 இருந்த இடத்தில் 2 அச்சாகும். ஆயிரம் பத்திரிகை அடித்து ஊரெல்லாம் கொடுத்த பிறகு தெரிந்தால் அந்தக் குடும்பத்துக்கு என்ன சொல்வது? நடக்கும் வாய்ப்பு மிகக் குறைவுதான். ஆனாலும் அக்காவிடம் இதை விளக்கிச் சொன்னேன். சிடிபி பிளேட்டுக்கு (அச்சுத் தகடு) இன்னும் போகாமல் இருந்த எல்லா ஆர்டரின் தேதி, நேரம், மண்டப முகவரி, போன் நம்பர் எல்லாவற்றையும் வாடிக்கையாளர் கையால் எழுதிக் கொடுத்த தாளோடு வைத்து அவரும் பையனும் உட்கார்ந்து சரிபார்த்தார்கள். எண் எதுவும் மாறவில்லை.

பேக்கப் விஷயத்திலும் கவனம் தேவைப்பட்டது. எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு அந்தக் கம்ப்யூட்டர் வழியாகத்தான் காப்பி எடுத்திருக்கிறார்கள். தை மாதத்துக்கு முந்தைய காப்பியை நம்பலாம். அதற்குப் பிந்தையதை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்காமல் நம்ப முடியாது. கெட்ட ஃபைல்களில் பலவற்றை வாடிக்கையாளருக்கு மெயிலிலும் வாட்ஸப்பிலும் முன்பே அனுப்பிய பிடிஎஃபிலிருந்து மீட்டோம்.

ராம் வாங்கிய பில்லை அக்கா ஜிஎஸ்டி ஃபைலில் பத்திரமாக வைத்திருந்தார். வாரன்ட்டியில் மாற்றிக் கொடுத்தார்கள். ராம் விலை ஏறிக்கிடக்கும் நேரத்தில் அந்தத் தாள் பெரிய உதவி. எழுத்துப்பூர்வமாகக் கொடுப்பதற்காக மெம்டெஸ்ட் திரையைச் சிவப்பு வரிகளோடு போட்டோ எடுத்துப் பிரின்ட் போட்டுக் கையில் கொண்டுபோனோம். அதைப் பார்த்ததும் கவுன்டரில் மறுகேள்வி வரவில்லை.

மாற்றாக வந்த ராமை நேராகச் செருகிவிடவில்லை. தனியாக ஓர் இரவும், பழைய ராமோடு சேர்த்து ஒரு மதியமும் ஓட்டி, பிழை 0 என்று பார்த்த பிறகுதான் வேலைக்கு விட்டோம். பேஜ் ஃபைலும் மினிடம்ப் அமைப்பும் இப்போதும் ஆனில் இருக்கின்றன. தைக்கும் வைகாசிக்கும் இடைப்பட்ட பழைய ஆர்டர் ஃபைல்களில் இன்னும் சரிபார்க்காதவை இருக்கின்றன. ஆடியில் கடையில் வேலை குறைவு. அந்த மாதத்துக்குள் பையன் எல்லாவற்றையும் திறந்து பார்த்து முடிப்பதாகப் பேச்சு.